கொட்டகைக்குள் போன தணல்

பீப்பாய்த் தண்ணீர் மறுபடியும் உறைந்திருந்தது. செல்லாத்தாள் உலக்கையின் பூண் பக்கத்தால் ஓங்கிக் குத்தினாள். மேலே கட்டியிருந்த பனித்தகடு கீறல் விட்டதே தவிர உடையவில்லை. இன்னும் பலமாகக் குத்தியபோது உலக்கை திடீரென்று உள்ளே போய், தண்ணீர் முழங்கை வரை தெறித்தது. அவள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பெருந்துறைப் பக்கம் சொந்த ஊரில் இருந்தவரை அவள் வாயில் வந்திராத வார்த்தை. மலைக்கு வந்து கற்றுக்கொண்டது.

மழை பொய்த்து, கிணற்றில் வாளி இறக்கினால் சேறு வந்த வருஷம் அது. நீலகிரி மலைமேல் மின்சாரத்துக்காக ஓர் ஓடையை மறித்து அணை கட்டுகிறார்கள், ஆள் வேண்டும் என்று கண்ணையா மேஸ்திரி ஊர் ஊராக வந்தார். செல்லாத்தாளின் புருஷன் சென்னிமலையும், அவர்களோடு ஒரே வளவில், அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்த சுப்பண்ணனும், இன்னும் சிலரும் பேர் கொடுத்தார்கள். ஆண்களுக்குக் கல் சுமக்கிற வேலை. செல்லாத்தாளுக்கு அத்தனை பேருக்கும் ஆக்கிப்போடுகிற வேலை.

"மலைல குளிருமுங்களா?" என்று அப்போது அவள் கேட்டாள்.

"நம்மூரு மார்கழி மாதிரிதான் அம்மணி. வெடியால சித்தெ நேரம் இருக்கும், வெயில் வந்தா ஓடிப்போயிரும்" என்றார் மேஸ்திரி.

மேஸ்திரியின் வீடு மேட்டில் இருந்தது. கூலிகளின் கொட்டகைகளைப் பள்ளத்தில், ஓடைக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ராத்திரி மலையின் குளிரெல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் இறங்கித் தங்கியது. விடிந்தால் புல்லின்மேல் உப்பு கொட்டிக் கிடப்பதுபோல் உறைபனி. காயப்போட்ட வேட்டி பலகைபோல் விறைத்து நிற்கும். தேங்காய் எண்ணெயைப் புட்டியிலிருந்து குச்சி விட்டுத்தான் நோண்டி எடுக்க வேண்டும். கடப்பாரையை வெறுங்கையால் தொட்டால் சூடு போட்டதுபோல் சுரீர் என்றது. ஆண்கள் அந்த ஓடைக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று கல் எடுத்தார்கள். குதிகால் வெடித்து ரத்தம் வந்தது. வெடிப்பில் விளக்கெண்ணெயும் மெழுகும் காய்ச்சி ஊற்றிக்கொண்டு மறுநாளும் அதே தண்ணீரில் இறங்கினார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த ஒற்றைக் கம்பளிக்கு மேலே சிமெண்டு வந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள்.

பள்ளத்தில் கல் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த கட்டடம் ஒன்றே ஒன்றுதான். அது சமையல் கூடம். தானிய மூட்டைகள் அதற்குள் இருந்ததால் ராத்திரியில் அதற்குக் காவலும் செல்லாத்தாள்தான். ஆண்கள் தூங்கியது மூங்கில் தட்டியும் புல் கூரையுமான கொட்டகையில். போன வருஷம் வேறொரு கும்பலின் கொட்டகை தீப்பிடித்துச் சாம்பலாகிவிட்டதாம். அதனால் கொட்டகைக்குள் பீடி நெருப்புகூடக் கூடாது, தானியம் களவு போகாமல் இருக்கச் சமையல் கூடத்துக்குள் ஒருத்தனும் கால் வைக்கக் கூடாது என்று மேஸ்திரியின் உத்தரவு.

"எவனாச்சும் உள்ள வந்தான்னு தெரிஞ்சுது, அன்னைக்கே உன்னையும் உன் புருஷனையும் மூட்டை கட்டி எறக்கிடுவேன்" என்று அவளிடம் சொல்லியிருந்தார்.

ஆகவே அவள் அடுப்போரம் படுத்தாள், மற்றவர்கள் புல்லுக்குக் கீழே விறைத்தார்கள். அதற்காக அவர்கள் மேஸ்திரியை வெறுக்கவில்லை. மேஸ்திரி மேட்டில் இருந்தார். கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தவள் செல்லாத்தாள். கஞ்சி ஊற்றும்போது ஒருவனும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், சூட்டுக்காரி. அதன் அர்த்தம் அடுப்புச் சூடு மட்டும் இல்லை என்பது சென்னிமலைக்கும் தெரியும். அவன் அதைக் கேட்டும் கேட்காதவனைப் போலக் களியை விழுங்குவான்.

எல்லாரிலும் மோசம் சுப்பண்ணன்தான். ஊரில் அவன் அப்படி இல்லை. அவன் மனைவி ராமாமணியும் செல்லாத்தாளும் ஒரே கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்கள். இங்கே குளிர் அவனை வேறு ஆளாக்கிவிட்டது. ஒல்லி உடம்பு, சீக்கிரம் விறைக்கும். ஒருநாள் களி ஆறிப்போயிருந்தது என்று தட்டோடு தூக்கி எறிந்தான். தட்டு அவள் காலடியில் வந்து விழுந்தது.

"இந்தக் குளிருல தட்டுல போடறதுக்குள்ள ஆறிப்போவுது, நான் என்ன பண்ணட்டுங்க?" என்றாள் அவள்.

"நீ மட்டும் சுடச்சுடத் திங்கறயில்ல? அதையப் போடு."

இன்னொரு நாள் விடியற்காலையில் அவள் விறகு எடுக்க வெளியே போய்த் திரும்பியபோது, சுப்பண்ணன் உள்ளே அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தான். இரண்டு பாதங்களையும் நெருப்புக்குள் விடாத குறையாக நீட்டியிருந்தான். விரல்கள் ஊதாவாகி வீங்கியிருந்தன.

"மாமா, எந்திரிச்சுப் போங்க. மேஸ்திரி எறங்கி வர்ற நேரம்."

அவன் அடுப்பை இன்னும் ஒட்டி உட்கார்ந்தான்.

"போங்கங்கறேன்ல?"

"போகமாட்டேன், என்ன பண்ணுவே?"

மேட்டிலிருந்து மேஸ்திரியின் செருமல் கேட்டது. கையிலிருந்த விறகுக் கட்டையால் அவன் தோளில் ஓங்கிப் போட்டாள். அவன் எழுந்து, தள்ளாடி, வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. வலியா, ஆத்திரமா, தெரியவில்லை.

"என்ற காலு போச்சுன்னா உன்னையச் சும்மா உடமாட்டேன். தெரிஞ்சுக்க" என்றான்.

கஞ்சிக்கு வரிசையில் நின்ற எல்லாரும் அதைப் பார்த்தார்கள். சென்னிமலையும் பார்த்தான். அன்று ஒருவனும் அவளிடம் இரண்டாவது கரண்டி கேட்கவில்லை.

தை பிறந்தும் குளிர் குறையவில்லை, ஏறியது. காற்றே இல்லாமல், மேகமே இல்லாமல், வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்த ஒரு வாரம் அது. அந்த மாதிரி நாட்களில்தான் உறைபனி அதிகம் விழும் என்பதை எல்லாரும் அதற்குள் தெரிந்துகொண்டிருந்தார்கள். ஓடைக் கரையில் கண்ணாடி விளிம்பு கட்டியது. இரண்டு பேருக்குக் காய்ச்சல் கண்டு லாரியில் கீழே அனுப்பினார்கள். மிச்சம் இருந்தவர்கள் ராத்திரியெல்லாம் இருமினார்கள். அந்த இருமல் கல் சுவரைத் தாண்டிச் செல்லாத்தாளுக்குக் கேட்டது. அவள் தூங்குவதுபோல் படுத்திருந்தாள்.

அந்த வாரத்தில் ஒருநாள், பொழுது சாய்ந்து எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, சென்னிமலை சமையல் கூடத்து வாசலில் வந்து நின்றான். கையில் ஓர் இரும்புச் சாந்துச் சட்டி.

"கொஞ்சம் தணல் போடு."

"என்னத்துக்கு?"

"எதுக்குக் கேப்பாங்க? கொட்டாயில வெக்கத்தான்."

"மேஸ்திரி சொன்னது மறந்துபோச்சுங்களா?"

"தீ எரிஞ்சாத்தானே ஆபத்து? வெறுந்தணல் என்ன பண்ணும்? நடுவுல வெச்சுப்போட்டுச் சுத்திப் படுத்துக்கறோம். விடியறதுக்குள்ள சாம்பலாப் போயிரும். ஒருத்தருக்கும் தெரியாது."

"வேண்டாமுங்க. எனக்குப் பயமா இருக்குது."

சென்னிமலை சட்டியைத் தரையில் வைத்தான். அவன் தாடை நடுங்கியதில் பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"உனக்கென்ன பயம்? நீ இங்க கதகதன்னு கெடக்கறே. அங்க என்னைய என்ன பேசறாங்கன்னு தெரியுமா உனக்கு? பொண்டாட்டிய அடுப்புக்கிட்ட உட்டுப்போட்டு இவன் எதுக்கு நம்மகூட வெறைக்கறான், மேஸ்திரிக்கு எடம் உட்டுத்தான்னு சுப்பண்ணன் சொல்றான். அத்தனை பேரும் சிரிக்கறாங்க. சிரிக்கறப்பக்கூடப் பல்லு தந்தியடிக்குது அவனுகளுக்கு. அதையும் கேட்டுக்கிட்டுக் கெடக்கறேன்."

செல்லாத்தாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, உள்ளே இழுத்து அடுப்போரம் உட்கார வைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. இரும்புக் கரண்டியை எடுத்து அடுப்பிலிருந்து தணலை வாரிச் சட்டி நிறையப் போட்டாள். கரி மூட்டையிலிருந்து ஒரு கூடைக் கரியும் அள்ளி மேலே கொட்டினாள்.

"நாந்தான் கேட்டேன்னு இருக்கட்டும். உன்மேல எதுவும் வராது" என்று சொல்லிவிட்டு, சட்டியின் காதில் கந்தையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான்.

சற்று நேரத்தில் கொட்டகையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மலைக்கு வந்த பிறகு அந்தக் கொட்டகையிலிருந்து அவள் கேட்ட முதல் நல்ல சிரிப்பு அதுதான். இருமல் குறைந்தது. அவளும் அன்று அயர்ந்து தூங்கினாள்.

விடிந்தது. பீப்பாய்ப் பனியை உடைத்தாள், அடுப்பு மூட்டினாள், கஞ்சி கொதித்தது. ஒருவரும் வரவில்லை. மற்ற கும்பலின் ஆட்கள் மண்வெட்டியோடு ஓடைப் பக்கம் போவது தெரிந்தது. அவள் கொட்டகைக்குப் போனாள். தட்டியின் இடுக்குகளில் எல்லாம் சேறு அப்பியிருந்தார்கள். அது இரவோடு இரவாகக் கல்லாக உறைந்திருந்தது. கூரைமேல், சிமெண்டு மூட்டைக்குப் போர்த்தியிருந்த தார்ப்பாயைத் திருடிக்கொண்டு வந்து விரித்திருந்தார்கள். கதவுத் தட்டிக்குப் பின்னால் சாக்கு அடைத்திருந்தது. சூடு ஒரு துளியும் வெளியே போய்விடக் கூடாது என்று செய்த வேலை.

"ஏனுங்க! விடிஞ்சுபோச்சு!"

பதில் இல்லை. தட்டியைத் தள்ளினாள். அசையவில்லை. ஓடிப்போய் உலக்கையை எடுத்துவந்து குத்தினாள். தட்டி கிழிந்து வழிவிட்டபோது உள்ளேயிருந்து வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது. புகைகூட இல்லை. எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கத்தினாள், உலுக்கினாள். ஒருவன் மட்டும் கண்ணைத் திறந்து, அவளை யாரென்று தெரியாமல் பார்த்து, அப்படியே வாந்தியெடுத்தான்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் காற்றில் ஏதோ இருக்கிறது என்று மட்டும் தோன்றியது, ஏனென்றால் அவளுக்கே தலை சுற்றியது. சென்னிமலையின் கால்களைப் பிடித்து வெளியே இழுத்து உறைபனியின்மேல் போட்டாள். அவள் போட்ட கூச்சலில் மற்ற கும்பலின் ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார்கள். வெள்ளைப் புல்லின்மேல் வரிசையாகக் கிடந்தவர்கள், அந்தப் பாழாய்ப்போன குளிர் முகத்தில் அறைய அறைய, ஒவ்வொருவராக முனகினார்கள், புரண்டார்கள், தலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

சுப்பண்ணன் மட்டும் எழவில்லை. சட்டிக்குப் பக்கத்தில் யாரையும் விடாமல், முண்டியடித்துக்கொண்டு அவன்தான் படுத்திருந்தானாம். அவன் முகம் நன்றாகத் தூங்கி எழப்போகிறவனைப் போலச் சிவந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவன் கன்னத்தில் அறைந்து அறைந்து பார்த்தாள் செல்லாத்தாள். பிறகு இன்னொருத்தன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

வெயில் ஏறுவதற்குள் மேஸ்திரியும் ஓவர்சியர் வரதராஜுலு நாயுடுவும் வந்துவிட்டார்கள். ஓவர்சியர் கம்பளிக் கோட்டும் கழுத்தைச் சுற்றி மப்ளருமாக இருந்தார். மேஸ்திரிக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"யாரு நெருப்புக் குடுத்தது?"

"நாந்தானுங்க."

"யாரு கேட்டது?"

செல்லாத்தாள் சென்னிமலையைப் பார்த்தாள். அவன் சொல்வான் என்று காத்திருந்தாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவன் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். இன்னும் உதடு வெளுத்திருந்தது. மேஸ்திரி அவன் பக்கம் திரும்பினார்.

"நீயாடா கேட்டே?"

"எனக்குத் தெரியாதுங்க" என்றான் சென்னிமலை. தரையைப் பார்த்துத்தான் சொன்னான். ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னான்.

ஒருத்தன்கூட வாயைத் திறக்கவில்லை. அவன் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்ததை அத்தனை பேரும் பார்த்தவர்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அன்னைக்கே கட்டைல அடிச்சாளுங்க அவனை. எதையோ கலந்து குடுத்துப்போட்டா. வெறுந்தணலுல எவனாச்சும் சாவானுங்களா?"

"சாவான்" என்றது இன்னொரு குரல். விறகு லாரி ஓட்டிவரும் முஸ்தபா. மேட்டுப்பாளையத்துக்காரர், அப்போதுதான் லோடு இறக்கிவிட்டு நின்றிருந்தார். "குன்னூருல ஒரு பங்களாவுல இதேதான் நடந்துச்சு. ரூமைச் சாத்திட்டுக் கரியடுப்பு வெச்சுப் படுத்தாங்க வேலைக்காரங்க ரெண்டு பேரு. காலைல ரெண்டு மையத்து. கரிக்காத்துங்க அது. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. இந்தப் பொம்பளை கதவை ஒடைக்காட்டி அத்தனை பேரையும் இன்னைக்கு நான் ஏத்திக்கிட்டுப் போகணும்."

ஒருவரும் அவரை நம்பியதாகத் தெரியவில்லை. நம்பினால் தாங்களே சேறு அப்பியதையும் நினைக்க வேண்டியிருக்கும்.

ஓவர்சியர் மேஸ்திரியைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்து செல்லாத்தாளிடம் மெதுவாகச் சொன்னார்.

"இங்க பாரும்மா. போலீசு, என்கொயரின்னு போனா வேலை நின்னுபோகும். அவனுக்கு ஜன்னி கண்டுச்சு, போயிட்டான். அவ்வளவுதான். நீ கீழ போயி அவன் வீட்டுல அப்படியே சொல்லிடு. உனக்கும் அதுதான் நல்லது."

ஓடைக்கு மேற்கே சுப்பண்ணனைப் புதைத்தார்கள். மேல்மண் உறைந்து கிடந்ததால் கடப்பாரையால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. அவனுக்குச் செய்ய வேண்டியதை யாருக்கும் முழுசாகச் செய்யத் தெரியவில்லை. ஒருத்தன் கொஞ்சம் அரிசி தூவினான். செல்லாத்தாள் தள்ளி நின்றாள். கிட்டே வந்தால் கல்லெறிவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

லாரி புறப்படும்போது சென்னிமலை வந்தான்.

"செல்லாத்தா, நான் ஆமான்னு சொல்லியிருந்தா என்னையும் எறக்கிப்போடுவாங்க. ரெண்டு பேரும் போயி ஊருல என்னத்தத் திங்கறது? ரோசனை பண்ணிப் பாரு."

"பண்ணிப் பாத்தனுங்க" என்றாள் அவள். வண்டியில் ஏறி, சிதறிக் கிடந்த விறகுச் சிம்புகளுக்கு நடுவே சுப்பண்ணனின் கம்பளி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேட்டுப்பாளையத்தில் ரயிலேறி, ஈரோட்டுப் பாதையில் இறங்கி, நடந்து ஊர் சேர்ந்தபோது உச்சி வெயில். மண் சுட்டது. உடம்பு அதை நம்ப மறுத்தது, போர்த்தியிருந்த போர்வையைக் களையத் தோன்றவில்லை. ராமாமணி வாசலில் சோளக்கதிரைத் தட்டிக்கொண்டிருந்தாள். மூட்டையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தடியைக் கீழே போட்டாள்.

அழுகை, கூட்டம், ஒப்பாரி எல்லாம் ஓய்ந்தபிறகுதான் ராமாமணி கேட்டாள்.

"என்ன ஆச்சு அவருக்கு?"

"ஜன்னிங்கக்கா" என்று ஆரம்பித்தாள் செல்லாத்தாள்.

"ஜன்னியா? அவரு ஒருநாளும் காய்ச்சல்னு படுத்ததில்லையே. நீ அங்கதான இருந்தே, ஒரு கஷாயம் வெச்சுக் குடுக்கலியா? பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டாயா?"

அந்தக் கேள்வியில் குற்றம் இல்லை. நன்றி சொல்லத் தயாராக இருந்த குரல் அது. அதைத்தான் செல்லாத்தாளால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டாள். கட்டையால் அடித்ததை, தணல் கொடுத்ததை, கதவை உடைத்ததை, சிவந்த முகத்தை, எல்லாவற்றையும். சென்னிமலை வந்து கேட்டதை மட்டும் சொல்லவில்லை. மறைத்தாள் என்றும் சொல்ல முடியாது. அவன் பேரை எடுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

ராமாமணி மூட்டையின் முடிச்சை அவிழ்த்துக் கம்பளியைத் தடவிப் பார்த்தாள்.

"அப்ப, குளுராமப் போயிச் சேந்தாரா?"

"ஆமாங்கக்கா. குளுரவே இல்லீங்க அன்னைக்கு."

ராமாமணி தலையை ஆட்டினாள். பிறகு எழுந்து நின்றாள். "அது போதும். இனி இந்த வாசப்படிய மிதிக்காதே. கெணத்துக்கும் நான் வர்ற நேரத்துல வராதே. உன்ற மூஞ்சியப் பாத்தா எனக்கு அந்த நெருப்புத்தான் தெரியும்."

செல்லாத்தாள் போனாள். பிறகு அவர்கள் ஒரே வளவில் பல காலம் வாழ்ந்தார்கள், ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை. ஊர் ராமாமணி பக்கம்தான் நின்றது. செல்லாத்தாள் அதற்காக யாரிடமும் வாதாடவில்லை. பெருந்துறையில் பஞ்சு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில் வேலைக்குப் போனாள்.

சித்திரையில் அணை வேலை நின்றதும் சென்னிமலை திரும்பி வந்தான். கால் விரல்களில் இரண்டு கறுத்துச் சுருங்கியிருந்தன. வாசலில் நின்று, "பயந்துபோயிட்டேன் புள்ள" என்றான். வேறு ஏதேதோ சொல்ல நினைத்துக்கொண்டு வந்திருப்பான் போல, அது மட்டும்தான் வந்தது.

"கை காலு கழுவிக்கிட்டு வாங்க. சோறு இருக்குது" என்றாள் அவள்.

போட்டாள். அவன் சாப்பிட்டான். இன்னொரு கை சோறு வேண்டுமா என்றுகூடக் கேட்டாள், கூலிக்குப் பரிமாறிய அதே குரலில். சாப்பிட்டு முடித்ததும் தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பக்கத்துச் சந்திலிருந்த தன் அம்மாவின் வீட்டுக்குப் படுக்கப் போய்விட்டாள். மறுநாளும் வந்து ஆக்கிப்போட்டாள். அதற்கு மறுநாளும். எப்போது திரும்பி வந்து வீட்டில் படுப்பாய் என்று கேட்கிற தைரியம் அவனுக்குக் கடைசிவரை வரவில்லை.